கத்தியோடு வருபவரை மல்யுத்தப் பிடியில் மடக்க முடியுமா? 4 பேர் சூழ்ந்தால் என்ன செய்வது? - களமும் சட்டமும் சொல்வது இதுதான்!

2019 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை இரவு. இன்றைய தென்காசி மாவட்டம், அன்றைய நெல்லை மாவட்டம், கடையம் அருகே உள்ள கல்யாணிபுரம். வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெரியவர். பின்னால் இருந்து சத்தமே இல்லாமல் வந்த முகமூடி ஆசாமி, துணியை அவர் கழுத்தில் போட்டு இறுக்குகிறார்.

சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்த மனைவி, கீழே கிடந்த செருப்பை எடுத்து வீசுகிறார். அடுத்து நாற்காலி. அதற்குள் பெரியவர் பிடியில் இருந்து விடுபட்டு எழுந்துவிடுகிறார். அரிவாளோடு நின்ற 2 பேரையும், கையில் கிடைத்ததை எல்லாம் வீசியே அந்த முதிய தம்பதி விரட்டி அடிக்கிறார்கள்.

இந்த சிசிடிவி காட்சி நாடு முழுக்க வைரலானது. 4 நாட்கள் கழித்து, சுதந்திர தின விழாவில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அந்தத் தம்பதிக்கு சிறப்பு விருது கொடுத்து கௌரவித்தார்.

பாராட்டு எல்லாம் சரி. ஆனால் அந்த வீடியோவை இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அந்தத் தம்பதி கொள்ளையர்களில் யாரையும் பிடித்து மடக்கப் போகவில்லை. கழுத்தில் விழுந்த பிடியில் இருந்து விடுபட்டார்கள். அதற்குப் பிறகு தங்களுக்கும் அரிவாளுக்கும் நடுவே எப்போதும் ஏதாவது ஒரு பொருள் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். அப்படி இருந்தும் அம்மாவின் கையில் காயம் பட்டது.

இப்போது மொபைலைத் திறந்தால் வேறு மாதிரி வீடியோக்கள் வருகின்றன. "கத்தியோடு வந்தா இப்படிப் பிடிங்க", "4 பேர் வந்தாலும் ஒரே லாக்" என்று 30 விநாடியில் வித்தை காட்டுகிறார்கள். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர் மாதிரி ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகமும் கல்லூரியும் இருக்கிற இடம். மாலை வகுப்பு முடித்து நடந்து போகும் மாணவிகள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் முடித்து நள்ளிரவில் பைக்கில் திரும்பும் இளைஞர்கள் என்று எல்லோர் கையிலும் இந்த வீடியோ இருக்கிறது. அதை நம்பி ஒருவர் உண்மையிலேயே கத்தியைப் பிடிக்கப் போனால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

கிராப்ளிங் என்றால் என்ன?

அடிக்காமல், உதைக்காமல், எதிராளியைப் பிடித்து, நிலை தடுமாறச் செய்து, தரையில் வீழ்த்தி, அசைய விடாமல் கட்டுப்படுத்துவதுதான் கிராப்ளிங். நம் ஊர் மல்யுத்தம், ஜப்பானின் ஜூடோ, அதில் இருந்து கிளைத்து வளர்ந்த பிரேசிலியன் ஜியு-ஜிட்சு எல்லாமே இந்த வகைதான். தமிழ்நாட்டுப் பாரம்பரியக் கலைகளிலும் பிடிவரிசை, பூட்டு என்ற பெயரில் இது உண்டு.

ஜூடோவை ஜிகோரோ கானோ 1882-ல் உருவாக்கினார். ஆனால் கிராப்ளிங் பற்றி உலகமே பேச ஆரம்பித்தது 1993 நவம்பர் 12-ம் தேதிதான். அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யுஎஃப்சி போட்டி நடந்தது. அதில் ஹோய்ஸ் கிரேஸி என்ற ஒல்லியான பிரேசில் வீரர், ஒரே இரவில் 3 பேரைப் பிடியில் சிக்கவைத்து ஜெயித்தார். "பலசாலியை ஒல்லியானவர் வெல்ல இதுதான் வழி" என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் பரவியது.

அந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் போட்டியில் சில விஷயங்கள் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தன. 3 பேரும் ஒவ்வொருவராகத்தான் வந்தார்கள். யார் கையிலும் கத்தி இல்லை. கீழே விரிப்பு இருந்தது. பக்கத்திலேயே நடுவர் நின்றார். தெருவில் இந்த நான்கில் ஒன்றுகூட கிடையாது.

மாமல்லன் ஊர் சொல்லும் பாடம்

காஞ்சிபுரம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க டென்வர் வரை போக வேண்டியதில்லை. காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயரே 'மாமல்லன்', அதாவது பெரிய மல்லன். மாமல்லபுரத்துக்குப் பெயர் வந்ததும் அப்படித்தான்.

சங்க இலக்கியத்திலும் மற்போர் உண்டு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு மோதியதை சாத்தந்தையார் புறநானூற்றின் 80-வது பாட்டில் பாடியிருக்கிறார். அது ஒருவனோடு ஒருவன் மோதும் மோதல். பலம் யாருக்கு என்று பார்க்கும் களம்.

போர் என்றால் கணக்கே வேறு. மல்லன் என்று பெயர் எடுத்த அதே நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்று 642 வாக்கில் வாதாபியைப் பிடித்தான். அங்கே அவன் மல்லுக்கட்டப் போகவில்லை. படையோடுதான் போனான். ஆயுதம் எடுத்து வரும் பல பேரை வெறுங்கையால் பிடித்து அடக்க முடியாது என்று மல்லர்களுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

கத்தி இருந்தால் ஏன் பிடிக்கப் போகக் கூடாது?

முதல் காரணம், தூரம். ஒருவரைப் பிடிக்க வேண்டும் என்றால் அவர் உடம்போடு ஒட்டிப் போக வேண்டும். கத்தி சுலபமாக வேலை செய்யும் தூரமும் அதேதான். பிடிக்கப் போகிறவர் தானாகவே கத்திக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்.

இரண்டாவது, நேரம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் ட்யூலர் 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்கும் ஒருவர், சுமார் ஒன்றரை விநாடியில் ஓடி வந்துவிட முடியும் என்று பயிற்சியில் ஓட விட்டுப் பார்த்து அவர் சொன்னார். 21 அடி என்றால் 6 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். துப்பாக்கியை இடுப்பில் வைத்திருக்கும் போலீஸ்காரருக்கே அந்த நேரம் போதாது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அப்படியென்றால் வெறுங்கையோடு நிற்பவர் நிலைமை?

மூன்றாவது, கை கணக்கு. எதிராளியின் இடுப்பையோ கழுத்தையோ கட்டிப் பிடித்தால் பிடித்தவரின் 2 கையும் மாட்டிக்கொள்ளும். எதிராளிக்கு ஒரு கை வெளியே இருந்தால் போதும். ஜூடோவிலோ மல்யுத்தத்திலோ அந்த ஒரு கைக்குப் பெரிய மதிப்பு இல்லை. அதில் சின்ன பேனா கத்தி இருந்தால்கூட மொத்த சண்டையும் தலைகீழாகிவிடும்.

நான்காவது, கத்தி கண்ணிலேயே படாமல் போவது. ரீல்ஸ் வீடியோவில் கத்தியை நீட்டிக்கொண்டு, ஒரே ஒரு முறை குத்தி, கையை அப்படியே காற்றில் நிறுத்தி வைத்திருப்பார்கள். உண்மையான தாக்குதலில் கத்தி மறைவில் இருந்து வரும். ஒரு கையால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இன்னொரு கையால் அடுத்தடுத்து குத்துவார்கள். குத்துப்பட்டவருக்கு அது குத்து என்றே அந்த நேரத்தில் தெரியாமல் போவதும் உண்டு. வியர்வையிலும் ரத்தத்திலும் பிடித்த பிடி வழுக்கும்.

அரிவாள், பட்டாக்கத்தி என்றால் இன்னும் மோசம். வெறுங்கையால் தடுத்தால் தடுத்த கை தப்பாது.

4 பேர் சூழ்ந்தால்? கபடியைப் பாருங்கள்!

பல பேர் ஒருவரைப் பிடித்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கபடி பார்த்திருந்தாலே போதும்.

பாடிப் போகிறவர் ஒருத்தர். எதிரே 7 பேர். அவர் எவ்வளவு பெரிய பலசாலியாக இருந்தாலும், கணுக்காலில் ஒரு பிடி விழுந்துவிட்டால் அடுத்த நொடியே மற்றவர்கள் மேலே வந்து விழுந்துவிடுவார்கள். அதனால் நல்ல ரெய்டர் என்ன செய்கிறார்? நடுவே போய் நிற்பதில்லை. யாரையும் பிடிப்பதில்லை. கண் எல்லோர் மேலும் இருக்கும், கால் நின்ற இடத்தில் நிற்காது, மனசு முழுக்க நடுக்கோட்டின் மேலேயே இருக்கும். தொட்டார், திரும்பினார், கோட்டைத் தாண்டினார்.

தெருவிலும் அதே கணக்குதான். இங்கே கோடு என்பது வெளிச்சமான கடை, ஆள் நடமாட்டம் உள்ள பஸ் ஸ்டாப், திறந்திருக்கும் ஒரு வீட்டுக் கதவு.

இதையே மாற்றி யோசித்துப் பாருங்கள். 4 பேரில் ஒருவரைத் தரையில் வீழ்த்தி, கையைப் பூட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பூட்டியவரும் இப்போது தரையில்தான் இருக்கிறார். மீதி 3 பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கால் எட்டும் உயரத்தில் இவர் தலை இருக்கிறது. சினிமாவில் மாதிரி ஒருவர் அடி வாங்கி முடிக்கும் வரை மற்றவர்கள் சுற்றி நின்று காத்திருக்க மாட்டார்கள். விரிப்பில் விழுவதும் தார் ரோட்டில் விழுவதும் ஒன்று கிடையாது. பின்னந்தலை ரோட்டில் மோதினால், யாரும் அடிக்காமலே உயிர் போகலாம்.

அதோடு இன்னொன்று. ஒருவரை இறுக்கிப் பிடித்திருக்கும்போது பார்வை அவர் மேலேயே நின்றுவிடும். பின்னால் யார் வருகிறார், கூட்டத்தில் யார் கத்தி எடுத்தார் என்பது தெரியாது.

அப்போ கிராப்ளிங் கத்துக்கிறதே வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். தெருவில் நடக்கும் தாக்குதல்களில் கழுத்தைப் பிடிப்பது, கையைப் பிடித்து இழுப்பது, பின்னால் இருந்து கட்டிப் பிடிப்பது, கீழே தள்ளுவது எல்லாம் அடிக்கடி நடப்பவை. கல்யாணிபுரத்திலும் முதலில் நடந்தது கழுத்துப்பிடிதான். பிடியில் மாட்டிய அனுபவமே இல்லாதவர் அந்த நொடியில் உறைந்துபோவார். பயிற்சி எடுத்தவருக்கு அது பழகிய இடம்.

கிராப்ளிங் பயிற்சியில் உயிர் காக்கும் பகுதிகள் இவைதான்:

• விழும் முறை: ஜூடோ வகுப்பில் முதலில் சொல்லித்தருவதே இதைத்தான். தாடையை நெஞ்சோடு சேர்த்து, பின்னந்தலை தரையில் படாமல் விழுவது. பைக்கில் இருந்து விழுந்தாலும் இது உதவும்.

• விழாமல் நிற்பது: யாராவது தள்ளினாலும் இழுத்தாலும் கால் அகட்டி, உடம்பைத் தாழ்த்தி நிலை தடுமாறாமல் நிற்பது.

• எழுந்திருப்பது: கீழே விழுந்துவிட்டால், காலை எதிராளி பக்கம் வைத்து, ஒரு கையால் முகத்தைக் காத்துக்கொண்டு, சட்டென எழுந்து விலகுவது.

• பிடி விடுவிப்பது: மணிக்கட்டைப் பிடித்தால் எதிராளியின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி உருவுவது. கழுத்தை இறுக்கினால் உடனே தாடையை உள்ளே இறக்கி, இறுக்கும் கையை 2 கையாலும் கீழே இழுத்து மூச்சுக்கு இடம் எடுப்பது.

இந்த நான்கிலும் ஒரு பொதுவான குணம் இருக்கிறது. நான்குமே பிடியில் இருந்து வெளியே வருவதற்கானவை. போட்டியில் பிடித்து வைத்திருப்பவர் ஜெயிப்பார். ரோட்டில் விடுபட்டு ஓடுகிறவர்தான் வீடு போய்ச் சேர்வார்.

வேற வழியே இல்லைன்னா?

ஓட வழி இல்லாத நேரமும் வரும். சுவரோடு சுவராக நெருக்கப்பட்டிருக்கலாம். பஸ் சீட்டில் மாட்டியிருக்கலாம். கூடவே குழந்தை இருக்கலாம்.

2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் அருகே நடந்த சம்பவம் அப்படிப்பட்டதுதான். இரவில் வெளியே சென்ற 19 வயது இளம்பெண்ணை, உறவுக்காரர் ஒருவரே கத்தி முனையில் பாலியல் வன்கொடுமை செய்ய முயன்றார். அந்தப் பெண் அவரைத் தள்ளிவிட்டு, கத்தியைப் பறித்துத் தாக்கினார். அதில் அந்த நபர் இறந்துபோனார். பெண் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார். விசாரித்த போலீசார், அது தற்காப்புக்காக நடந்தது என்று முடிவு செய்து, இந்திய தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவின் கீழ் அவரை விடுவித்தனர்.

அந்தப் பெண் செய்தது தைரியமான காரியம். ஆனால் அது அவருக்கு இருந்த கடைசி வழி. மற்றவர்கள் அதை முதல் வழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி ஒரு நிலை வந்தே தீர்ந்தால், பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்வது இதுதான்: கத்தி பிடித்திருக்கும் அந்த ஒரு கையை மட்டும் 2 கையாலும் பிடித்து, தன் உடம்பில் இருந்து தள்ளி வைக்க வேண்டும். இடுப்பைப் பிடிப்பது, கீழே வீழ்த்துவது, மேலே ஏறி உட்காருவது எதுவும் வேண்டாம். நின்றபடியே இருக்க வேண்டும். கை தளர்ந்த அடுத்த நொடி, தள்ளிவிட்டு ஓட வேண்டும். இப்படிச் செய்தாலும் வெட்டு விழலாம். கழுத்தும் நெஞ்சும் வயிறும் தப்பினால் அதுவே வெற்றி.

அதற்கு முந்தைய கட்டத்தில் கையில் இருக்கும் பொருள்தான் நண்பன். நாற்காலி, ஹெல்மெட், பேக், குடை, நிறுத்தி வைத்த பைக், கேட் என எதுவாக இருந்தாலும் சரி, நடுவில் இருக்கட்டும். சிலம்பத்தில் கம்பைச் சுழற்றுவதும் இதற்குத்தான். யாரும் பக்கத்தில் வர முடியாதபடி தூரத்தைக் காப்பதே அதன் பலம்.

கேட்பது பர்ஸோ மொபைலோ என்றால் கொடுத்துவிடுங்கள். பைக்கில் வந்து செயினைப் பறிப்பவரோடு இழுபறி நடத்தினால், ரோட்டில் இழுபட்டுத் தலையில் அடிபடுவதுதான் மிச்சம்.

சட்டம் எவ்வளவு தூரம் அனுமதிக்கிறது?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ், நடைமுறையில் இருக்கிறது. இதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றிப் பேசுகின்றன. முக்கியமானவை மட்டும் இங்கே:

• பிரிவு 35: தன் உடலை மட்டுமல்லாமல் மற்றவர் உடலையும், உடைமையையும் காக்கும் உரிமை உண்டு.

• பிரிவு 37: தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டி காயப்படுத்தக் கூடாது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது.

• பிரிவு 38: உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்கொடுமை, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற சூழலில், தற்காப்பின்போது தாக்கியவர் இறந்தாலும் உரிமை பொருந்தும். சோழவரம் சம்பவத்தில் பயன்பட்ட பழைய 100-வது பிரிவுதான் இப்போது இது.

• பிரிவு 40: ஆபத்து பற்றிய நியாயமான அச்சம் வந்த நொடியில் உரிமை தொடங்குகிறது. அந்த அச்சம் இருக்கும் வரைதான் நீடிக்கும்.

• பிரிவு 44: கும்பல் கொல்ல வரும்போது, தற்காத்துக்கொள்வதில் அப்பாவி ஒருவருக்கு ஆபத்து நேரும் நிலை இருந்தாலும் உரிமை உண்டு. கொலைவெறிக் கும்பலிடம் சிக்கியவரையே சட்டம் இதற்கு உதாரணமாகச் சொல்கிறது.

தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை விரிவாக விளக்கியது. உடனடி ஆபத்தை எதிர்கொள்பவர், கோழையைப் போல ஓடித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பதறி நிற்பவரிடம் தராசில் நிறுத்த மாதிரி அளந்து அடிக்கச் சொல்லவும் முடியாது. ஆனால் இந்த உரிமை பழிவாங்குவதற்கானது அல்ல என்பதையும் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், இது தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பு, அதைச் சொல்பவர் மேல்தான் இருக்கிறது. பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 108-வது பிரிவு அதைச் சொல்கிறது. அதனால்தான் சிசிடிவி, சாட்சி, மருத்துவமனைச் சான்று எல்லாம் முக்கியம்.

கழுத்துப்பிடி: சில விநாடியில் மாறும் கதை

கிராப்ளிங்கில் பிரபலமானது கழுத்துப்பிடி. கழுத்தின் இரு பக்கமும் இருக்கும் ரத்தக் குழாய்களை இறுக்கினால், மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, 10 விநாடி வாக்கில் ஒருவர் மயங்கிவிடலாம். போட்டியில் அந்த நொடியே நடுவர் விலக்கிவிடுவார். தெருவில் விலக்க யாரும் இல்லை. பயத்தில் பிடித்தவருக்கு எப்போது விடுவது என்று தெரியாது.

2023 மே 1-ம் தேதி நியூயார்க் சுரங்க ரயிலில் நடந்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பயணிகளைப் பார்த்து மிரட்டும் விதமாகக் கத்திய ஒருவரை, முன்னாள் மரைன் படை வீரர் பின்னால் இருந்து கழுத்தில் பிடித்துத் தரையில் சாய்த்தார். பிடி சில நிமிடங்கள் நீடித்தது. பிடிபட்டவர் இறந்துபோனார். பிடித்தவர் மேல் வழக்கு பாய்ந்தது. 2024 டிசம்பரில் ஜூரி அவரைக் குற்றவாளி இல்லை என்று சொல்லும் வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவர் கோர்ட் படி ஏறினார். மற்றவர்களைக் காக்கத்தான் செய்தேன் என்றார் அவர். ஆபத்து முடிந்த பிறகும் ஏன் விடவில்லை என்று கேட்டது எதிர்த்தரப்பு.

நம் ஊர்ச் சட்டத்திலும் கேள்வி அதேதான். எதிராளி கத்தியைக் கீழே போட்டுவிட்டார், மயங்கிவிட்டார், ஓட ஆரம்பித்துவிட்டார் என்றால் அச்சம் அங்கே முடிகிறது. அதற்குப் பிறகும் கழுத்தை விடாமல் இறுக்கினால், தற்காத்துக்கொண்டவரே குற்றம் சாட்டப்பட்டவராக மாற நேரிடும். தரையில் போட்டு மேலே ஏறி உட்காருவதில் இந்த ஆபத்தும் சேர்ந்தே இருக்கிறது.

பயிற்சியில் சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுக்கப்படுகிறது. தனியார் வகுப்புகளும் நிறைய இருக்கின்றன. பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் இந்த 4 கேள்விகளைக் கேட்கலாம்:

1. எதிரே நிற்பவர் உண்மையாகவே எதிர்ப்பு காட்டும் பயிற்சி உண்டா? சொன்னபடி விழுந்து கொடுக்கும் ஆளோடு மட்டும் பழகினால் தன்னம்பிக்கை வரும், திறமை வராது.

2. விழுவதும் எழுவதும் முதல் மாதத்திலேயே சொல்லித்தரப்படுகிறதா?

3. சத்தம் போடுவது, விலகுவது, ஓடுவது எல்லாம் பாடத்தில் இருக்கிறதா?

4. "கத்தி வந்தாலும் கவலை இல்லை" என்று உத்தரவாதம் தருகிறார்களா? தந்தால், அந்த வகுப்பே வேண்டாம். கத்தியைக் கண்டு பயப்படக் கற்றுத்தருபவரே நல்ல ஆசான்.

3 நாள் முகாமில் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்கிய பிள்ளையிடம் வீட்டில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பேச வேண்டும். ஓடி வந்துவிட்டால் அது அவமானம் இல்லை. "பயிற்சி எல்லாம் எடுத்தியே, ஏன் திருப்பி அடிக்கல?" என்ற ஒரு கேள்வி, அடுத்த முறை அந்தப் பிள்ளையைக் கத்திக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

தப்பி வந்த பிறகு உடனே செய்ய வேண்டியவை

• வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்துக்குப் போன பிறகு 112 அல்லது 100-க்கு அழையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை மொபைலில் முன்பே வைத்திருப்பது நல்லது.

• உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். வலி தெரியாத குத்துக்காயம் இருக்கலாம். முதுகையும் அக்குளையும் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

• ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடி 108-க்கு அழையுங்கள். கத்தி உடம்பில் குத்தியபடி இருந்தால் உருவவே கூடாது. டாக்டர் பார்த்துக்கொள்வார்.

• கழுத்து இறுக்கப்பட்டிருந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீக்கமும் மூச்சுத்திணறலும் பல மணி நேரம் கழித்துக்கூட வரலாம்.

• சம்பவம் நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைய வேண்டாம். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எதிராளிக்குக் காயம் பட்டிருந்தால் மறைக்காமல் அதையும் சொல்லுங்கள். சோழவரம் பெண்ணைப் போல முதலில் போய்ச் சொல்பவரின் பேச்சுக்கு எப்போதும் வலு அதிகம்.

கல்யாணிபுரம் தம்பதிக்கு ஜூடோ தெரியாது, ஜியு-ஜிட்சு தெரியாது. கழுத்தில் விழுந்த பிடி தளர்ந்த அந்த நொடியில், பெரியவர் கொள்ளையனைத் திருப்பிப் பிடித்து மடக்கப் பார்த்திருந்தால், பக்கத்தில் இருந்த இன்னொருவரின் அரிவாளுக்கு அவர் முதுகு திறந்தே இருந்திருக்கும். அவர் விடுபட்டு எழுந்து, நாற்காலியைக் கையில் எடுத்தார். அதனால்தான் 4 நாள் கழித்து 2 பேரும் ஒன்றாக மேடை ஏறி விருது வாங்க முடிந்தது.